இளகிய மண்ணில் ஊன்றிய கல்

கிரீச், கிரீச் என்று ஒரு சத்தம். பேருந்து குலுங்கும்போதெல்லாம் என் இருக்கைக்கு அடியிலிருந்து வந்தது. குனிந்து பார்த்தேன். பலகையை இரும்புச் சட்டத்தோடு பிடித்து வைத்திருக்க வேண்டிய திருகு தன் ஓட்டைக்குள் தானே சுற்றிக்கொண்டிருந்தது. இறங்கவும் இல்லை, கழன்று விழவும் இல்லை. இருந்தது, ஆனால் பிடிக்கவில்லை.

அந்தச் சத்தத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை. ஆனாலும் அடையாளம் தெரிந்தது. போன மாதம் அக்கா தொலைபேசியில் சொல்லியிருந்தாள்: "உள்ளுக்குள்ள என்னமோ நறுக்கு நறுக்குங்குது தம்பி. பொரண்டு படுத்தாக் கேக்குது. ஒங்க மாமா கேக்கலங்காரு. எனக்குக் கேக்குது."

அக்கா பாக்கியம் தேவாரத்தில் வாழ்க்கைப்பட்டவள். போன வருடம் திராட்சைப் பெட்டி ஒன்றைத் தூக்கப் போய் முதுகெலும்பில் ஒரு கட்டை நொறுங்கியது. வேறோர் ஊர் மருத்துவமனையில் அதற்கு மேலும் கீழும் உள்ள எலும்புகளில் திருகுகளை இறக்கி, இரண்டு கம்பிகளால் இணைத்தார்கள். வருடம் திரும்புவதற்குள் திருகுகள் ஆட ஆரம்பித்துவிட்டன. எலும்பு மெலிந்துபோயிருக்கிறது, மறுபடி திறந்து இன்னும் பலமாகப் பொருத்த வேண்டும் என்று தேனியில் ஒரு மருத்துவர் சொல்லியிருந்தார். வாரக் கடைசியில் அறுவை. பக்கத்தில் ஒரு ஆளாக இருக்கத்தான் நான் நாகப்பட்டினத்திலிருந்து கிளம்பி வந்தேன்.

ஆண்டிபட்டிக் கணவாயில் பேருந்து புகைவிட்டு நின்றது. எல்லோரும் இறங்கினோம். ஆடிக் காற்று. எங்கள் கரைக்காற்றில் உப்பு இருக்கும், அழுகிய வலையின் வீச்சம் இருக்கும். இந்தக் காற்றில் ஈரம் மட்டும் இருந்தது. மழை மலைக்கு அந்தப் பக்கம் பெய்துகொண்டிருக்க, அதன் மூச்சு மட்டும் இந்தப் பக்கம் வந்து சேலைகளையும் வேட்டிகளையும் பிடித்து இழுத்தது. ஒரு பெண் தன் கூடையின் மேல் உட்கார்ந்துவிட்டாள், கூடை பறந்துவிடும் என்று.

இஞ்சின் ஆறும் நேரத்தில் நடத்துநரிடம் திருகைக் காட்டினேன். அவர் மண்டியிட்டுப் பார்த்தார்.

"ஓட்ட பெருத்துப்போச்சு சார். அதான் பிடிக்க மாட்டேங்குது." தீப்பெட்டியை எடுத்தார். குச்சிகளின் மருந்துத் தலைகளைக் கிள்ளி எறிந்துவிட்டு, குச்சிகளை ஓட்டைக்குள் திணித்து, திருகை வைத்து முறுக்கினார். இறுகியது.

"எத்தனை நாள் நிற்கும்?"

"பலக நல்ல பலகயா இருந்தா ரொம்ப நாளைக்கு நிக்கும். இது ஊறிப்போன பலக. தேனி வரைக்கும் நிக்கட்டும், போதும்."

தேனி வரைக்கும் நின்றது. அங்கிருந்து தேவாரத்துக்கு வேறு பேருந்து. அதில் எனக்கு இருக்கையே கிடைக்கவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. மாமா நாகூருக்குத் திராட்சை லாரியோடு வந்தவர்; ஒரு லோடு பழத்தை இறக்கிவிட்டு அக்காவை ஏற்றிக்கொண்டு போனார் என்பார்கள். அப்போது அக்கா மாமாவைவிட இரண்டு விரல் உயரம். கல்யாணப் படத்தில் மாமா எக்கி நிற்பது தெரியும்.

கதவைத் திறந்த அக்காவின் தலை என் தோளில் முடிந்தது. இடுப்பிலிருந்து மார்பு வரை இறுக்கிய பெல்ட்டுக்கு மேலே உடம்பு குறுகிப்போய் இருந்தது. முகம் மட்டும் உருண்டு, கன்னம் நிறைந்து, முழுநிலவு மாதிரி. உடம்பு வலித்தாலும் நல்லாச் சாப்பிடுகிறாள் போல என்று அந்த வாசலில் நின்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போது நெஞ்சு கசக்கிறது.

"என்னடா அண்ணாந்து பாக்குறவன் குனிஞ்சு பாக்குற? வளந்துட்டியா?" என்றாள்.

சமையல் மாமாதான். கப்பைக்கிழங்கும் மீன் குழம்பும். எங்கள் ஊரில் மரவள்ளி. மலைக்கு அந்தப் பக்கத்துப் பேச்சு இறங்கி வந்து இங்கே கப்பையாகிவிட்டது. கிழங்கை மஞ்சள் போட்டு மசித்துத் தேங்காய் தாளித்திருந்தார். மீன் அணைத் தண்ணீர் மீன்.

"கடக்கரைக்காரவுகளுக்கு இந்த மீனு எறங்குமா மாப்ள?"

"உப்பு இல்லாத தண்ணியில வளந்த மீன் மாமா. கொஞ்சம் அப்பாவியா இருக்கு."

"அப்ப ஒங்க அக்காவுக்கு நேர் எதுரு," என்றார். அக்கா சிரிக்கப் போய் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பும் வலிக்கிற இடத்தில்தான் ஆரம்பிக்கிறது போல.

மறுநாள் காலையில் மாமா தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். வரிசை வரிசையாகக் கல்தூண்கள். அவற்றின் தலையில் கம்பிகள் குறுக்கும் நெடுக்கும் ஓட, கம்பிகளின் மேல் கொடி பரந்து, ஊருக்கே போட்ட பந்தல் மாதிரி கிடந்தது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்த மருந்து இலைகளில் நீலமாகக் காய்ந்திருந்தது. பந்தலின் உயரம் ஆளுயரம்தான். அதற்குக் கீழே பத்துப் பெண்கள் கையில் கத்தரியோடு நிற்கப் போகிறார்கள். நாள் முழுக்க அண்ணாந்து, கையைத் தலைக்கு மேலே தூக்கி, குலையில் நெருக்கியிருக்கும் பிஞ்சுகளை வெட்டிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் நடவுக்குக் குனிகிற முதுகுகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். குனிவதைவிட அண்ணாந்து நிற்பது சுலபம் என்று அன்றுவரை நினைத்திருந்தேன்.

அந்தப் பெண்களைச் சேர்த்து வேலைக்குக் கூட்டிப் போகிறவள் அக்காதான். படுத்த பிறகும் அவள் பேச்சுக்குத்தான் ஆள் வந்தது.

"பாக்கியத்தக்கா தம்பியா நீங்க? மூஞ்சி அப்பிடியே இருக்கு. ஒசரந்தான் ஒட்டடக் கம்பு," என்றாள் ராசாத்தி என்பவள். நாற்பது வயதுக்காரி, வாய் ஓயாதவள். "பாத்து நடங்க, கம்பி நெத்தியில அடிக்கும்."

சொல்லி முடிப்பதற்குள் அடித்தது. பந்தல் முழுக்கச் சிரித்தது.

வேலை தொடங்குவதற்கு முன் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். வெற்றிலைப் பெட்டி சுற்றி வந்தது. அதோடு ஒரு டப்பாவும் வந்தது. உள்ளே மடித்த காகிதப் பொட்டலங்கள். ஆளுக்கு ஒன்று. பிரித்து, அண்ணாந்து, வெள்ளைப் பொடியை வாயில் கொட்டித் தண்ணீர் குடித்தார்கள்.

"இது என்ன?" என்றேன்.

"பந்தல் பொடி," என்றாள் ராசாத்தி. "இது இல்லாட்டி மத்தியானத்துக்கு மேல கை தோளுக்கு மேல போகாது. ஒங்க அக்காகிட்டச் சொல்லுங்க, டப்பா காலியாகப் போகுதுன்னு. அவுக கைபட்டு வந்தாத்தான் கேக்குது."

வீட்டுக்குத் திரும்பினேன். அக்கா காப்பி குடித்துவிட்டு, பக்கத்தில் இருந்த டப்பாவிலிருந்து அதே மாதிரிப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"நீயும் இதைத்தான் சாப்பிடுறியா?"

"ஏழெட்டு வருசமாச் சாப்பிடுறேன். மொழங்கால் வலிக்கு ஆரம்பிச்சது. காலையில ஒண்ணு போட்டா கொமரியாட்டம் நிக்கலாம்."

"யார் கொடுக்கிறது?"

"சந்தைக்கு ஒருத்தரு வருவாரு. ஊரு எதுன்னு தெரியாது. நாட்டு மருந்து. நாந்தான் வாங்கியாந்து எல்லாத்துக்கும் குடுப்பேன். எனக்குக் கைராசின்னு சொல்லுவாளுக."

"டாக்டர்கிட்டச் சொன்னியா?"

பொட்டலக் காகிதத்தை நான்காக, எட்டாக மடித்தாள். "போன தடவ கேட்டாரு. ஒண்ணும் திங்கலன்னுட்டேன். நீயும் போயி ஒளறி வைக்காத."

"ஏன்?"

"ஏன்னா ஏன்?" என்றாள். கை டப்பாவைத் தலையணைக்குப் பின்னால் தள்ளியது. அவள் எதையோ ஏற்கனவே சந்தேகப்படுகிறாள் என்று எனக்கு அப்போது தோன்றியது. சந்தேகம் கேள்வியாக மாறிவிடக் கூடாது என்றுதான் பயப்படுகிறாள்.

மூன்றாம் நாள் தேனிக்குப் போனோம். அறுவைக்கு முந்தைய பரிசோதனை. வாடகைக் காரின் பின் இருக்கையில் அக்காவைச் சாய்த்துப் படுக்க வைத்தோம். இந்தச் சாலையில் வேகத்தடைகளை யார் விதைத்தார்களோ, நல்ல விளைச்சல். ஒவ்வொன்றிலும் அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"திராச்சப் பெட்டியாப் பொறந்திருக்கலாம்டா," என்றாள். "நசுங்காமப் போகணும்னு அடியில வைக்கோலாவது போடுவாக."

ஓட்டுநர் அதற்குப் பிறகு இன்னும் மெதுவாக ஓட்டினார். மாட்டுவண்டி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. அதில் இருந்தவர் எங்களுக்காக வருத்தப்பட்டுத் தலையை ஆட்டினார்.

மருத்துவமனை அல்லிநகரத்துப் பக்கம். மருத்துவர் உத்தமபாளையத்துக்காரர், ராவுத்தர் வீட்டுப் பிள்ளை, நாற்பதைத் தொடாத வயது. திரையில் படத்தைக் காட்டினார். முதுகெலும்பின் சாம்பல் நிறக் கட்டைகளுக்குள் திருகுகள் பளிச்சென்று வெள்ளையாக இருந்தன. ஒவ்வொரு திருகைச் சுற்றியும் மெல்லிய கறுப்பு வளையம்.

"இந்தக் கறுப்பு இருக்கிற எடத்துல எலும்பு இருக்கணும். இல்ல. திருகு ஆடி ஆடி எடத்தப் பெருசாக்கிருச்சு."

மேசையில் புதிய திருகு ஒன்றை வைத்தார். கட்டைவிரலைவிட நீளம். நுனிப் பக்கத்தில் ஊசிக்கண் போலச் சின்னச் சின்ன ஓட்டைகள். மாமா கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"ஒங்களுக்குத் தோட்டம் இருக்குல்ல? எங்க அத்தாவும் தோட்டந்தான் வச்சிருந்தாரு," என்றார் மருத்துவர். ராவுத்தர் வீடுகளில் அத்தா என்றால் தகப்பனார். "மண்ணு எளக்கமா இருக்கிற எடத்துல பந்தலுக்குக் கல்லு ஊன்றணும்னா என்ன செய்வீக?"

"குழிய ஆழமாத் தோண்டி, நீளக் கல்லாப் போடுவோம். ஜல்லியும் சிமெண்டும் ஊத்தி இறுக்குவோம். ஓரத்துக் கல்ல நேரா நட மாட்டோம், சாய்ச்சு நட்டு இழுகம்பி கட்டுவோம். பாரம் ஒரே கல்லுல எறங்காம நாலஞ்சு கல்லு கூடச் சேப்போம்."

"அம்புட்டுத்தான். நானும் அதத்தான் செய்யப் போறேன். பழையதவிடத் தடிமனான, நீளமான திருகு. உள்ள எறக்குனப்புறம் இந்த ஓட்ட வழியா சிமெண்டு எலும்புக்குள்ள போயி இறுகும். மேல ரெண்டு கட்ட, கீழ ரெண்டு கட்ட கூடச் சேத்துப் பிடிப்பேன்."

"அப்ப நானே பண்ணிருப்பேனே டாக்டர். எதுக்கு ஆஸ்பத்திரி?" என்றார் மாமா.

மருத்துவர் சிரித்தார். "ஒங்க சிமெண்டு வழிஞ்சா மண்ணுல வழியும். என் சிமெண்டு வழி தப்புனா நரம்புக்குப் போகும், ரத்தத்தோட போயி நுரையீரல அடைக்கும். அதனாலதான் ஆஸ்பத்திரி." பிறகு சிரிப்பு நின்றது. "இன்னொன்னு கேக்குறேன். நீங்க இம்புட்டும் செஞ்சு கல்ல ஊன்றிட்டீக. ஆனா யாரோ ஒருத்தரு தெனமும் வந்து அடி மண்ணக் கொஞ்சங் கொஞ்சமா அள்ளிக்கிட்டுப் போறாரு. கல்லு நிக்குமா?"

மாமா கையிலிருந்த திருகை மேசையில் வைத்தார். மின்விசிறியைப் பார்த்தார்.

"இது ஒங்க வயசுக்கான எலும்பு இல்லம்மா," என்றார் மருத்துவர் அக்காவிடம். "ரொம்ப வயசான ஆளோட எலும்பு மாதிரி இருக்கு. எங்கனயோ மண்ணு போய்க்கிட்டே இருக்கு. இந்தத் தடவையும் ஆடிருச்சுன்னா மூணாவது தடவ திருகு எறக்க எடம் கெடைக்காது. நீங்க எந்திரிச்சு நடமாடறது இதுலதான் இருக்கு. வேற என்னமும் சாப்பிடுறீகளா?"

நான் வாயைத் திறக்கப் போனேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள், வேகத்தடையில் பிடித்த மாதிரி. பிறகு விட்டாள். இடுப்புச் சுருக்குப்பையைத் திறந்து, ஒரு பொட்டலத்தை எடுத்து மேசையில் திருகுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மருத்துவர் பிரித்துப் பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்கு வந்தது களைப்பு.

"இதுல என்ன இருக்குன்னு சோதிச்சாத்தான் உறுதியாச் சொல்லலாம். ஆனா ஒங்க முகம் ஊதியிருக்கிறதும், தொட்ட எடமெல்லாம் கையில நீலம் பாஞ்சிருக்கிறதும், இந்த எலும்பும் ஒண்ணத்தான் சொல்லுது. ஸ்டீராய்டு மாத்திரையப் பொடிச்சுக் கலக்குறாக. வலி தெரியாது, பசி எடுக்கும், தெம்பா இருக்கும். உள்ள எலும்பு கரஞ்சுக்கிட்டே வரும்."

"இன்னைக்கே தூரப் போட்டுர்றேன்."

"போடக் கூடாதும்மா. இம்புட்டு வருசம் சாப்பிட்டுட்டு சடார்னு நிறுத்துனா ஒடம்பு தாங்காது, உசுருக்கே ஆபத்து. நான் அளவு தெரிஞ்ச மாத்திரை தாரேன். இதுக்குப் பதிலா அது. கொஞ்சங் கொஞ்சமாக் கொறைப்போம்."

"அப்ப ஆபரேசன்?"

"இப்ப வேண்டாம். காலு நல்லா இருக்கு, நரம்பு நல்லா இருக்கு. பெல்ட்டோட காத்திருக்கலாம். தெனமும் ஒரு ஊசி, வயித்துல போட்டுக்கிறது, நீங்களே போட்டுக்கலாம். சில மாசம் போடுங்க. எலும்பு கொஞ்சம் ஊறட்டும். பிடிக்கிறதுக்கு ஏதாச்சும் இருந்தாத்தான் திருகு பிடிக்கும்." பொட்டலத்தை மடித்தார். "இத வேற யாரும் சாப்பிடுறாகளா?"

"இல்ல," என்றாள் அக்கா. "நான் மட்டுந்தான்."

நேற்றுப் பந்தலுக்குக் கீழே பார்த்த வாய்கள் எல்லாம் எனக்குள் ஒரே நேரத்தில் அண்ணாந்தன.

இரத்தம் எடுத்துக்கொண்டார்கள். பொடியையும் சோதிக்க வைத்துக்கொண்டார்கள். நானும் மாமாவும் சிற்றுண்டிக் கடையில் உட்கார்ந்தோம். பரோட்டாவுக்குச் சால்னா ஊற்றினார்கள், அதன் மேல் காரம் மிதந்தது. பக்கத்து மேசையில் மலையிறங்கி வந்த ஏலத்தோட்டத்துப் பெண்கள் இருவர் மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மற்றவளிடம் சொன்னதில் எனக்குப் பிடிபட்டது இது: இங்கே வந்தால் கத்தியைத்தான் காட்டுவார்கள், எங்கள் பக்கத்தில் ஒருவர் பொடி தருகிறார், ஒரு வேளையில் கழுத்து திரும்பிவிடும், உனக்கும் வாங்கி வைக்கிறேன். அவள் குரலில் அத்தனை பிரியம். மாமாவுக்கும் அது புரிந்தது. மலையாளம் தெரியாமல் இந்தப் பக்கத்தில் யாரும் வியாபாரம் செய்வதில்லை. இருவரும் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே இருந்தோம், சாப்பிடவில்லை. எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு வார்த்தை கிடைப்பதற்குள் அவர்கள் கைகழுவப் போய்விட்டார்கள்.

திரும்பும் வழியில் மேற்கே மலை முழுவதையும் மேகம் மூடியிருந்தது. சின்னமனூர்ப் பக்கத்து நெல்வயல்களைப் பார்த்தால் எங்கள் ஊர் மாதிரியே இருக்கிறது, மலையை மட்டும் மறைத்துவிட்டால். அன்று மேகம் மறைத்தும் இருந்தது. ஆனாலும் எனக்கு ஊர் போல இல்லை.

"அவளுகளுக்கு என்னடா சொல்லுவேன்," என்றாள் திடீரென்று.

"உனக்குத் தெரியாதுல்ல அக்கா."

"தெரியாது. ஆனா அந்தாளு அவளுகளுக்குக் குடுக்கலயே. நாந்தான குடுத்தேன். வேண்டாம்னவளுக்கும் நாந்தான் கண்ணு மூடிக்கிட்டு முழுங்குடின்னு ஊட்டிவிட்டேன்." முன் இருக்கையில் மாமா கண்ணாடியை ஏற்றினார், காற்று இரைச்சலில் கேட்கவில்லை என்று காட்டிக்கொள்வது போல. "முதுகு போனா போகட்டும். இவளுக மூஞ்சில எப்பிடி முழிப்பேன்?"

மறுநாள் சாயங்காலம் அவளுகளே வந்தார்கள். அறுவை தள்ளிப்போன சேதி ஊரில் எங்களுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு தூக்குவாளியில் உளுந்தங்களி. கட்டிலைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள். மாமா வைத்த காப்பியைக் கேலி செய்தார்கள். ராசாத்தி அக்காவின் பெல்ட்டைத் தட்டிப் பார்த்து, "எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடு, இடுப்பு சின்னதாத் தெரியுது," என்றாள்.

அந்தச் சிரிப்பு அடங்கும் இடத்தில் மூக்கம்மா கேட்டாள். அவள்தான் அவர்களில் மூத்தவள். "ஆத்தா, டப்பா காலி. பொடி இருக்கா?"

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் இருந்தாள். தலையணைக்குப் பின்னாலிருந்து டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மருத்துவர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். மண் அள்ளுகிற ஆளின் கதையையும் சொன்னாள். நடுவில் ஒருமுறைகூட அந்தச் சந்தைக்காரன்மேல் பழியைப் போடவில்லை.

காப்பி டம்ளர்கள் அப்படியே கையில் நின்றன.

ராசாத்தி தன் இடது மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். அது லேசாகக் கோணியிருந்தது, நான் கவனித்திருக்கவில்லை. "போன மழைக்கு வரப்புல வழுக்கி விழுந்தேன். கைய ஊன்றுனேன், அம்புட்டுத்தான், முறிஞ்சு போச்சு. இம்புட்டுக்கு முறியுமான்னு ஆஸ்பத்திரில கேட்டாக. அன்னைக்கு ராத்திரி நீ என்ன குடுத்த?"

அக்கா டப்பாவின் மூடியை அழுத்திப் பிடித்தாள்.

"ரெண்டு பொடி. சேத்துச் சாப்பிடு, சீக்கிரம் கூடும்னு சொன்ன." ராசாத்தி எழுந்தாள். தூக்குவாளியை எடுத்தாள். அதில் இருந்த களி எங்களுக்குக் கொண்டுவந்தது என்பது வாசல் தாண்டும்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும். திரும்பி வந்து, வாளியைத் தரையில் சத்தமாக வைத்துவிட்டுப் போனாள்.

மற்றவர்கள் யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அக்காவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மூக்கம்மாதான் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அது கெடக்கட்டும் ஆத்தா. நாளைக்கு வேலைக்குப் போகணும்ல. இருக்கிறதுல ஒண்ணு குடேன்."

அக்கா என் கைபேசியைக் கேட்டாள். மருத்துவரைக் கூப்பிட்டுக் கொடுத்தேன்.

"டாக்டர் தம்பி, நான் மட்டும்னு சொன்னது பொய்," என்றாள். "இன்னும் பத்துப் பேரு சாப்பிடுறாக."

மறுமுனையில் நெடுநேரம் பேச்சு. அக்கா உம் கொட்டிக்கொண்டே இருந்தாள். யாரும் தானாக நிறுத்த வேண்டாம், வெள்ளிக்கிழமை எல்லோரையும் கூட்டி வாருங்கள், ஒவ்வொருவராகப் பார்க்கிறேன், எலும்பு எவ்வளவு இருக்கிறது என்று சோதிக்கலாம், முறிவதற்கு முன்னால் வந்தவர்களுக்குத் திருகே வேண்டியிருக்காது. இதுதான் அவர் சொன்னதன் சாரம். அதுவரை? அதுவரை வழக்கம் போல ஒன்று.

அதனால் அக்கா டப்பாவைத் திறந்தாள். வெள்ளிக்கிழமைவரைக்கும் தேவையானதை ஒவ்வொருத்தி கையிலும் வைத்தாள். இதே பொட்டலத்தை எத்தனை வருடமாகக் கொடுத்திருப்பாள். அன்று எண்ணி எண்ணிக் கொடுத்தாள். கெடுதல் என்று சொன்ன வாய் மூடுவதற்குள் அதையே எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அவர்களும் பழைய பழக்கத்தில் முந்தானையில் முடிந்துகொண்டார்கள்.

"வெள்ளிக்கிழம மொதப் பஸ்ஸு," என்றாள் அக்கா. "நானும் வருவேன். கார் வேண்டாம். ஒங்களோடதான் வருவேன்."

"ஒன் முதுகு பஸ்ஸுல தாங்குமா?" என்றாள் மூக்கம்மா.

"தாங்குற வரைக்கும் தாங்கட்டும்."

வியாழக்கிழமை நான் கிளம்பினேன். அறுவைக்கு வந்தவன், அறுவை இல்லை. வெள்ளிவரை இருக்கிறேன் என்றேன். அக்காதான் வேண்டாமென்றாள். "நீ கூட வந்தா அவளுக டாக்டர்கிட்ட வாயத் தொறக்க மாட்டாளுக. ஊசி போட்டு முடிச்சு ஆபரேசன்னு சொல்றப்ப வா." வாசல்வரை வந்தாள். அதற்குமேல் முடியவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கல்யாணப் படத்தில் மாமா நிற்கிற மாதிரி எக்கி. நான் தெருமுனை திரும்பும்வரை தன் பழைய உயரத்தில் தெரிய வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ.

பேருந்து நிறுத்தத்தில் காற்று புழுதியை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. வண்டி வந்து, ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தேன். இருக்கையை ஒருமுறை ஆட்டிப் பார்த்துக்கொண்டேன். ஆடவில்லை.

அப்போது தோட்டத்துப் பக்கமிருந்து ராசாத்தி வேகமாக வந்தாள். வேலையின் நடுவில் வந்திருக்கிறாள். தோளில் துண்டு, கையில் கத்தரி, புறங்கையில் மருந்தின் நீலக்கறை. என்னை ஜன்னலில் கண்டுபிடித்தாள். மூச்சு வாங்க, கோணிய மணிக்கட்டை ஜன்னல் கம்பியில் வைத்துக்கொண்டு நின்றாள். மன்னிப்புக் கேட்பது என் வேலையா என்று எனக்குத் தெரியவில்லை. வண்டி உறுமியது. நடத்துநர் விசிலை வாயில் வைத்தார்.

"ஒங்க அக்காகிட்ட போன்ல சொல்லிருங்க," என்றாள். "நாளைக்கு மொதப் பஸ்ஸுக்கு நானும் வாறேன். ஆனா அவுக பக்கத்துல ஒக்கார மாட்டேன்."